சுவரில் நான் ஒட்டிய அம்புகள்

பழுது கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. இன்றைக்கும் உண்டு, மறைக்கமாட்டேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள் நான். தைத்து முடித்த சட்டையை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை என்று ஒரு சுற்றுப் பார்ப்பதற்குள் விட்டுப்போன தையலிலோ எண்ணெய்க் கறையிலோ ஊசித் துளையிலோ என் கண் போய் நின்றுவிடும். அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். நகத்தளவுதான் இருக்கும், அதன் முனை பழுதைக் காட்டும். அம்பு ஒட்டிய சட்டையை, குறை நீங்கியதென்று நானே அதை உரிக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. எங்கள் செக்கிங் இன்சார்ஜ் தினமும் காலையில் இதை ஒரு தடவை கத்திச் சொல்லாமல் வேலையை ஆரம்பிக்கமாட்டார்.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்து ஆர்டர்கள் குவிந்த வருடங்கள் அவை. ஒரு நாள் ஐரோப்பாவிலிருந்து, சரக்கு வாங்கும் ஒரு புது பையரின் ஆர்டர் வந்தது. கறுப்பு டீ-ஷர்ட், நெஞ்சு நிறைய ஒரு பெண்முகம் பிரிண்ட். பையர் ஒப்புக்கொண்டு சீல் அட்டை கட்டி அனுப்பிய சேம்பிள் ஒன்று என் மேசைக்கு மேல் தொங்கும். அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாவற்றையும் நான் தேறவைக்க வேண்டும். அந்தச் சேம்பிளை எடுத்து விரித்தேன். தூக்கிவாரிப் போட்டது. கோட்டுக்குள் எந்தக் கலரும் நிற்கவில்லை. ஆரஞ்சு மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் கிடந்தது. கண்ணுக்குக் கீழே பச்சை ஒழுகிக் கழுத்துவரை இறங்கியிருந்தது. இதற்குப் போய் எவன் சீல் போட்டான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்தேன். சேம்பிளில் மட்டும் பதினேழு அம்பு ஒட்டினேன். முதல் அம்பு அந்தப் பச்சை ஒழுகலுக்கு.

இன்சார்ஜ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? பையர் சீல் போட்ட பீஸுங்க இது!"

"பெயின்ட்டு ஒழுகிக் கெடக்குல்லா அண்ணாச்சி. சீல் போட்டா ஒழுகுனது நின்னுருமா?"

ஹாலில் இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். இரண்டு இடத்தில் பிரிண்ட்டும் கூடவே உரிந்து வந்தது. அப்போது எனக்கே பகீர் என்றது. இன்னும் மூன்று வாரத்தில் அந்த பையர் கம்பெனியின் டிசைனர் அம்மாள் நேரில் வருகிறாள், இந்தச் சேம்பிளைக் கேட்பாள் என்றார்கள். இன்சார்ஜ் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பையர் வந்துட்டுப் போறவரைக்கும் பிசிறு வெட்டுங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

பிசிறு வெட்டுவது என்றால், தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது. அதற்குக் கத்தரி போதும், கண் வேண்டாம். அன்றைக்கு நல்லூரில் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது அழுதேன். என் மேசை திரும்பக் கிடைக்குமா என்பதைத் தவிர மூன்று வாரமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் டீ நேரத்தில் மெர்ச்சண்டைசர் பெண் என்னைத் தேடி வந்தாள். பையரோடு கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள்தான். என்னைவிடப் பத்து வயது சிறியவள். "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்று தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். திரையில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தெரு. மூன்று மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க அதே பெண்முகம். ஏணியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அங்கெல்லாம் ரோட்டுச் சுவத்துல இப்படி வரையறாங்கக்கா. அந்த ஒழுகுனது வேணும்னே விட்டதுங்க. அதைத்தான் நம்ம சட்டையில கேக்கறாங்க."

"எங்க ஊர்ல எலெக்சனுக்குச் சின்னம் வரையறவன் இப்படி ஒழுகவிட்டா கட்சிக்காரங்க அடிக்க வந்துருவாவ" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனாள். நான் தனியாக அந்த முகத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குக் கீழே இறங்கிய பச்சையைச் சுட்டுவிரலால் மறைத்துப் பார்த்தேன். முகம் செத்துப்போனது. சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அழகி மாதிரி ஆகிவிட்டாள். விரலை எடுத்தேன். உயிர் வந்துவிட்டது. மறுபடி மறைத்தேன், மறுபடி எடுத்தேன். என் கோபம் இரண்டு மடங்கானது. நான் முதல் அம்பு ஒட்டிய இடம் அது. சரியான இடத்தில்தான் என் கண் போய் நின்றிருக்கிறது. எதற்காக நின்றது என்பதைத்தான் நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா நடக்க முடியவில்லை. கம்பெனிக்குப் பின்னால் எங்கள் பிரிண்டிங் பட்டறையை ஒட்டி ஒரு சந்து உண்டு. பஸ் ஏற அந்த வழியாகத்தான் தினமும் போவேன். பட்டறை ஆட்கள் கை கழுவும் குழாய் அந்தச் சந்தில்தான் இருந்தது. கழுவுவதற்கு முன்னால் கையில் ஒட்டிய கலரைச் சுவரில் துடைப்பார்கள். கலரை இழுக்கும் ரப்பர் கட்டையையும் அங்கேயே இழுத்துச் சுத்தம் செய்வார்கள். வருடக்கணக்காக அப்படியே நடந்திருக்கிறது. 'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று எப்போதோ எழுதிய எழுத்துகள் பாதி மூழ்கிவிட்டன. ஏழு வருடமாக அதைப் பார்த்து, என்ன அசிங்கம் இது என்று முகத்தைச் சுளித்தபடி போனவள் நான். ஒரு சாயங்காலம் நின்றேன். பஸ் போனது தெரியாமல் நின்றேன். குழந்தைச் சட்டை ஆர்டரின் ரோஸ் மேல் வேறெதோ ஆர்டரின் மஞ்சள் ஏறி, இரண்டும் சேர்ந்த இடத்தில் எந்த ஷேடு கார்டிலும் இல்லாத ஒரு நிறம். குறுக்கே ஒரே இழுப்பில் போன கறுப்புப் பட்டை. அதன் கீழே ஐந்து விரல் தெளிவாகப் பதிந்த ஒரு நீலக் கை. உள்ளங்கையிலிருந்து ஒரு நீலம் ஒழுகி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. ஐயோ, இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். சந்தில் போன ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

டிசைனர் வரும் நாள் வந்தது. முன் ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் கார் அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் முதலாளிக்கு மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டம் உண்டு. எதையும் சுத்தமாக வைத்திருக்கும் மனிதர். காலையில் வந்ததும் சந்தைப் பார்த்துவிட்டு, "அந்தச் சுவத்துக்கு வெள்ளை அடிச்சுப்போடுங்க, பாக்கச் சகிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளை அழைத்து வரக் காரில் போனார். பேக்கிங்கில் இருந்த இரண்டு பேர் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பினார்கள்.

பிசிறு வெட்டும் மேசையிலிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். போய்த் தடுத்தால், பையர் போன பிறகும் என் மேசை கிடைக்காது என்று நன்றாகத் தெரியும். என் கைப்பையில் பழைய ஸ்டிக்கர் ஷீட்டுகள் அப்படியே கிடந்தன. கத்தரியை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அவர்கள் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். இடது மேல்மூலையிலிருந்து, சட்டையைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு வந்தேன். கண் போய் நின்ற இடத்திலெல்லாம் அம்பை ஒட்டினேன். ரோஸும் மஞ்சளும் சேர்ந்த இடத்துக்கு ஒன்று. கறுப்புப் பட்டை முடிகிற பிசிறுக்கு ஒன்று. நீலக் கைக்கு ஒன்று, ஒழுகி நின்ற முனைக்கு ஒன்று. நல்ல இடத்துக்கு அம்பு ஒட்டியது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

பிரஷ்ஷோடு வந்தவர் நின்றுவிட்டார். "ஏனுங்கக்கா, ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்க?"

"செக்கிங் முடியல. தொடக்கூடாது."

அவர்கள் தொடவில்லை! தினமும் காலையில் காதில் விழுந்த சட்டம் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் வாளியைக் கீழே வைத்தார், மற்றவர் இன்சார்ஜைக் கூப்பிட ஓடினார். இன்சார்ஜ் மூச்சு வாங்க வந்து, "உங்குளுக்குப் பைத்தியமுங்களா அம்மிணி?" என்று ஆரம்பித்தபோது சந்தின் முனையில் கார் திரும்பிவிட்டது.

முதலாளியும் மெர்ச்சண்டைசர் பெண்ணும் இறங்கினார்கள். பின்னாலேயே அந்த வெள்ளைக்கார அம்மாள் இறங்கினாள். கம்பெனி வாசல் பக்கம் திரும்பவே இல்லை. சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு அம்பைப் பார்த்தாள், அது காட்டிய இடத்தைப் பார்த்தாள், அடுத்த அம்புக்குப் போனாள். ஒன்றையும் விடவில்லை. சின்னக் கேமராவை எடுத்துப் படமாகச் சுட்டுத் தள்ளினாள். பிறகு ஏதோ கேட்டாள். "யாரு இதை ஒட்டுனதுன்னு கேக்கறாங்க" என்றாள் மெர்ச்சண்டைசர் பெண். இன்சார்ஜ் திருடனைப் பிடித்துக் கொடுப்பவர் போல என்னைக் காட்டினார்.

அந்த அம்மாள் என் எதிரில் வந்து கையை நீட்டினாள். ஸ்டிக்கர் கேட்கிறாள் என்று புரிந்தது. ஒன்றை உரித்துக் கொடுத்தேன். சுவரில் தேடித் தேடி, மூழ்கிய பழைய எழுத்துகளுக்குப் பக்கத்தில் பச்சையோடு காரை உதிர்ந்து செங்கல் தெரிந்த ஒரு இடத்தில் ஒட்டினாள். நல்ல இடம்தான். நான் விட்டுவிட்ட இடம். ஆனால் முனை கொஞ்சம் விலகியிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. உரித்து, இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டினேன். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள், தலையை ஆட்டினாள், பிறகு வாய்விட்டுச் சிரித்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அவள் பாஷை தெரியாது. ஆனாலும் அது போல என்னை யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

பட்டறை ஆட்கள் திட்டு விழப்போகிறது என்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் திட்டவில்லை என்று தெரிந்ததும் ஒரு ஒடிசாக்காரர் மெதுவாக வந்து நீலக் கை மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். அளவு கச்சிதமாக இருந்தது. "மேரா ஹாத்" என்றார், என் கை என்று. அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சேம்பிளைக் கெடுத்த கதையையும் மெர்ச்சண்டைசர் பெண் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் பிரிண்ட் உரிந்த சேம்பிளைத் தனக்கே வேண்டும் என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். இந்தப் பெண் எந்த மேசையில் வேலை செய்கிறாள் என்று கேட்டாள். இன்சார்ஜ் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொல்லிவிட்டார்: "செக்கிங் மேசையிலதானுங்க!" மறுநாள் காலையில் என் மேசையில் புது ஸ்டிக்கர் ஷீட் இருந்தது. சுவரைச் சுரண்டிவிடக்கூடாது என்று சந்தில் பைக் நிறுத்தவே முதலாளி தடை போட்டார். இதுல என்னங்க இருக்குது என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே தடை போட்டார்.

அடுத்த சீசனில் அந்த பையரின் அடுத்த ஆர்டர் வந்தது. வெள்ளை டீ-ஷர்ட்டில் எங்கள் சுவர், என் சிவப்பு அம்புகளோடு. பட்டறையிலிருந்து முதல் சட்டை வந்ததும் இன்சார்ஜ் எனக்கு முன்னால் கையில் எடுத்துவிட்டார்.

"ஏனம்மிணி, மொத பீஸுலயே இத்தனை டேமேஜுங்களா?" என்று ஒரு அம்பை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொன்றைச் சுரண்டினார்.

"அது பிரிண்டு அண்ணாச்சி" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். அவரும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். பிறகு சட்டையை என்னிடம் நீட்டி, "சரியா இருக்குதுங்களான்னு பாருங்க" என்றார். நான் தொங்கிய சேம்பிளைத் தொடவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய், சுவருக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தேன். ரோஸ் சரி, கறுப்புப் பட்டை சரி. நீலக் கைக்குக் கீழே சுத்தமாக இருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பட்டறையில் யாரோ அந்த ஒழுகலை, கலர் இறங்கும் ஸ்கிரீனில் அடைத்துவிட்டிருக்கிறார்கள். முன்னாலென்றால் நானும் அடைத்திருப்பேன்.

திரும்பி வந்து நீலக் கைக்குக் கீழே ஒரு நிஜ அம்பை ஒட்டினேன்.

"என்னங்க குறை?" என்றார்.

"ஒழுகல் இல்ல."

அவர் சட்டையைக் கையில் வாங்கவே இல்லை. ஹாலைப் பார்த்துத் திரும்பி, தினமும் காலையில் கத்துகிற அதே குரலில் கத்தினார்: "அம்மிணி ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. லாட்டை நிறுத்துங்க. ஒரு பீஸைக்கூட யாரும் தொடக்கூடாது!"