அப்பா விற்காத காடு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. கடைசிக் காலத்தில் அப்பாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் ஏன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்பது உறவுகளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுவதையும் எழுதச் சொன்னவர் சித்தப்பாவேதான்.

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவர். போர்க்காலத்தில் குடும்பக் காணியை இராணுவம் எடுத்துக்கொண்டது. தருவீர்களா என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அகதியாக நோர்வேயின் ஒஸ்லோ நகருக்கு வந்து, பாத்திரம் கழுவி, பின்னர் பேருந்து ஓட்டி, நகரின் ஓரத்திலுள்ள குரோருட்டில் எங்களை வளர்த்தார். முன்கோபக்காரர், பிந்தி ஓடிவந்தால் பெற்ற மகளுக்கும் பேருந்துக் கதவைத் திறக்கமாட்டார். நாட்டின் மேற்குக் கரையில், பேர்கன் நகரில் வாழும் சித்தப்பாவுடன் சேர்ந்து நகருக்கு வெளியே ஒரு காடு வாங்கியபோது மட்டும், காணி உறுதிப் பத்திரத்தைச் சுவாமிப் படத்தின் முன் வைத்துக் கண்கலங்கினார்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, விடுமுறை வீடுகள் கட்டும் ஒருவர் அந்தக் காட்டை விலைக்குக் கேட்டார். சித்தப்பா விற்கலாம் என்றார். அப்பாவோ இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்க விரும்பினார். அப்படி ஒதுக்கினால் காணி எங்கள் பெயரிலேயே இருக்கும். மரம் வெட்டவோ கட்டடம் எழுப்பவோ முடியாது. அதற்காக அரசு தரும் இழப்பீட்டுக்கு வரி இல்லை. விற்றால் இலாபத்தில் வரி கட்ட வேண்டும். எதைச் செய்வதென்றாலும் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

வரி இல்லை என்றதும், எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்த சித்தப்பா வெடித்தார்.

“காசும் தருவினமாம், வரியும் வேண்டாமாம்! இதிலை ஏதோ சுத்துமாத்து இருக்கு அண்ணை. ஊரிலை அரசாங்கத்திட்டைக் காணி போனது காணாதே?”

“அங்கை கேக்காமல் பறிச்சவங்கள். இஞ்சை தாறியளோ எண்டு கேட்டு நிக்கிறாங்கள். மாட்டம் எண்டால் பேசாமல் போயிடுவாங்கள். உனக்கு வித்தியாசம் விளங்கேல்லையோ?”

“விளங்கேல்லை. என்ரை பாதியைப் பிரிச்சுத் தாங்கோ.”

அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதன்பின் இருவரும் கதைக்கவில்லை.

காட்டைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் தாளில் அப்பா தன் கையெழுத்தை வைத்து, சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வலி கூடக் கூட, “தம்பி போன் எடுத்தவனோ?” என்று அடிக்கடி கேட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குச் சித்தப்பா மேல் ஆத்திரம் மூண்டது. பேர்கனில் அவர் ஒரு கணக்காளரிடம் விசாரித்து, அப்பா சொன்னது உண்மைதான் என்று அறிந்துகொண்டார். அறிந்த பிறகும் வீம்பு அவரை விடவில்லை.

ஒருவழியாகத் தானும் கையெழுத்து வைத்த தாளோடு ரயில் ஏறினார். மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

“நான் நேற்றே வந்திருக்கலாம், பிள்ளை,” என்றார் சித்தப்பா.

“ஓம் சித்தப்பா. வந்திருக்கலாம்.”

அப்பாவை அன்போடு பராமரித்த தாதியர், வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய குரோருட் அயலவர்கள், இறுதிக் கிரியையில் தேவாரம் பாடியவர்கள், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவின் காட்டை இனி யாரும் வெட்டமுடியாது. அந்தக் கையெழுத்துக்காகச் சித்தப்பாவுக்கும் என் நன்றி. “பரவாயில்லை” என்று அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றும் எனக்கு அது சொல்ல வரவில்லை.

மகள்