தாய்மாமன் இல்லாத பேனர்

விருத்தாசலத்துக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்கவைத்தவை சாலையோர பேனர்கள்தான். நான் கணக்கு எழுதும் பீங்கான் கம்பெனிக்கு நடந்து போகும் வழியெங்கும் முகங்கள். மஞ்சள் நீராட்டோ இரங்கலோ, மொத்தக் குடும்பமும் பெயரோடும் ஊரோடும் நிற்கிறது. நான் பிறந்து வளர்ந்த பர்மாவில் இன்று முகம் வெளியே தெரிவதே ஆபத்து. சோதனைச் சாவடியில் ராணுவத்தார் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். அதனால் அம்மாவும் நானும் கடிதத்துக்குத் திரும்பிவிட்டோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிறுமியாக இருந்தபோதே தெருவுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. நான் கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அக்கா எழுதுகிறாள். வழியில் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்பதால் அதில் மழை இருக்கும், அரிசி விலை இருக்கும், என் தம்பி இருக்கமாட்டான். கட்டாய ராணுவச் சேர்ப்புக்குத் தப்பி அவன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அவன் போன இடமே தெரியாது என்று அம்மா அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறாள். அது பொய் என்று தெரிந்தால் அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

மகளுக்குக் காதுகுத்த நாள் குறித்தோம். கம்பெனியிலிருந்து திரும்பும்போது எங்கள் தெருமுனையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே அவன் பெயர், ‘தாய்மாமன், தாய்லாந்து’. என் கல்யாணப் படத்திலிருந்து எடுத்து பேனர் அடித்தவர் என் கொழுந்தனார். தம்பி அங்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். பேஸ்புக்கிலும் போட்டிருந்தார்.

“ஃபாரின்னு போட்டாத்தான அண்ணி கெத்து.”

“இப்பவே எடுத்துடுங்க.”

“ஏன், படம் நல்லா இல்லையா?”

மாமனாருக்குக் கோபம் வந்தது. “மாமன் பேரு இல்லாம காதுகுத்தா? ஊருல என்னைய என்னன்னு கேப்பாங்க?”

அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். கொழுந்தனார் போனை எடுத்துப் படத்தை அழித்தார். மாமனார் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்.

காதுகுத்து அன்று கோயிலில் மாமனார் பேத்தியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

“தாத்தா மடியிலயா குத்துவாங்க? ஏம்மா, பொறந்தவன் வரலியா? சண்டையா?”

கூட்டத்தில் பாதிப் பேர் கையில் போன் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்க.”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மகள் வீறிட்டு அழுதாள். பெரியம்மாவின் முகம் மாறியது.

“தெரியாம கேட்டுட்டேன் தாயி. கடல் தாண்டி ஒத்தையா வந்த பொண்ணு. யாரும் இல்லன்னு நெனைக்காத, நாங்கள்லாம் இருக்கோம்” என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் என்னை அப்படி யாரும் பிடித்ததில்லை. தாய்லாந்தில் என் தம்பி உயிரோடு இருக்கிறான். பொய்க்குக் கிடைத்த அந்தக் கையை நானும் விடவில்லை.