பத்து நிமிட ஸ்டூல்

சென்ற மாதம் தெம்பனிஸில் நடந்த ஒரு கருத்தரங்கில், நான் சற்றும் எதிர்பாராத நேரத்தில், என் கால்களைத் திரையில் பார்த்தேன். ஓர் ஒடுங்கிய அறையின் நிலைக்கண்ணாடியில் எடுக்கப்பட்ட படம் அது. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் காகிதங்கள், செருப்பைக் கழற்றிய பாதங்கள். கழுத்துக்கு மேல் படம் வெட்டப்பட்டிருந்தது. ஆயினும் இடதுகாலின் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அந்த விரல் எங்கள் குடும்பச் சொத்து. என் அப்பாவுக்கும் அப்படித்தான்.

பேச்சாளர் வித்யா. பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், அன்றைக்கு என் நெருங்கிய தோழி. பேசிய பொருள், பணியிடத்தில் கண்ணியம். நான் ஒரு சமூக சேவை அமைப்பில் வேலை செய்பவள் என்பதால் அழைப்பு வந்திருந்தது. மூன்றாம் வரிசையில், கையில் பாதி கடித்த கறிபாப் பலகாரத்தோடு அமர்ந்திருந்தேன். அரங்கில் புதிதாகக் கம்பளம் விரித்திருந்தார்கள். புதுக் கம்பளத்துக்கும் புதுப்புடவைக்கும் ஏறக்குறைய ஒரே வாசனைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கஞ்சி, பிளாஸ்டிக் உறை, அட்டைப்பெட்டி, இவற்றோடு ஊதுவத்திப் புகை. லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்த்த துணிக்கடையின் வாசனை அது. அப்போது முழுநேர மாணவி, இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு முதுகுவலி வந்து வேன் ஓட்டுவதைக் குறைத்துக்கொண்ட பின், "சும்மா ஓர் அனுபவத்துக்காக" என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். வியாழன், வெள்ளி மாலைகள்; சனி, ஞாயிறு முழுநாள். பல்கலைக்கழகம் தீவின் மேற்குக் கோடியில், வீடு செங்காங்கில். ரயிலில் படித்துவிடலாம் என்பது என் திட்டம். அந்தத் திட்டத்தின் விளைவாக, செங்காங்கைத் தூக்கத்திலேயே கடந்து அடுத்த நிலையமான பொங்கோலில் கண்விழித்த நாள்கள் பல.

அதனால் பாடக் குறிப்புகளை விலைச்சீட்டு அளவுக்கு வெட்டி, மடிக்கும் புடவைகளுக்கு நடுவே வைத்துப் படிக்கத் தொடங்கினேன். ஒருநாள் ஓர் அம்மா பச்சைப் பட்டொன்றைப் பிரித்து, உள்ளிருந்த சீட்டை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏலியனேஷன்னு போட்டிருக்கே, இது புது டிசைனாம்மா?"

தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே அந்நியமாவதைப் பற்றிய என் பாடக் குறிப்பு அது. அருகிலிருந்த மைமூன் அக்காதான் காப்பாற்றினார். "ஆமாம்மா, இப்ப எல்லாரும் அதைத்தான் கட்டுறாங்க." அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு போனார்.

மைமூன் அக்கா ஈசூன் வட்டாரத்தில் குடியிருந்தவர். கடையின் விற்பனைப் பெண்களில் மூத்தவர். வாடிக்கையாளரின் தோளைப் பார்த்தே ரவிக்கை அளவைச் சொல்லிவிடுவார். அவருடைய கால்கள் மட்டும் மாலையானால் வீங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்திருக்கும். இடையிடையே உட்காராவிட்டால் நிலைமை மோசமாகும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதை முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் அஞ்சினார். ஏனென்றால் எங்கள் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக்கூடாது. வாடிக்கையாளரே இல்லாத நேரத்திலும் கூடாது. "கஸ்டமர் உள்ள வரும்போது நீங்க உட்கார்ந்திருந்தா கடை தூங்குற மாதிரி இருக்கும்" என்பது முதலாளியின் வாதம்.

அதற்கு அக்கா கண்ட வழி எளிமையானது. மாடியில் இருந்த மூன்று உடைமாற்றும் அறைகளில் மூன்றாவதன் கதவில், 'ரிப்பேர்' என்று தம் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டார். உள்ளே ஒரு சிவப்பு ஸ்டூல். ஆளுக்குப் பத்து நிமிடம். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டிருப்பவருக்கே உட்காரும் முறை. வெளியே வந்ததும் அதை அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். ஐந்து பெண்கள், ஒரு நாடா. முறை தவறி யாரும் சண்டையிட்டதாக நினைவில்லை. சமூக ஒப்பந்தம் குறித்து அந்த ஆண்டு நான் தடித்த புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அதை நேரில் நான் பார்த்தது அங்கேதான்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் ஆண்டிறுதித் தேர்வுகளும் எனக்கென்றே சேர்ந்து வந்தன. ஒரு சனிக்கிழமை, மறுவாரப் புள்ளியியல் தேர்வை நினைத்து நான் முழித்துக்கொண்டிருந்ததைக் கண்ட அக்கா, நாடாவைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"இது உங்க டர்ன்க்கா."

"போய்ப் படி. ஃபெயிலாகி முழுநேரமா இங்க வந்துடாத. உன் தொல்லைய வாரம் பூரா எங்களால தாங்க முடியாது லா."

உள்ளே உட்கார்ந்தேன். படித்தேனா? எதிரே கண்ணாடியில் தெரிந்த என் கோலம் எனக்கே சிரிப்பை வரவழைத்ததால் ஒரு படம் எடுத்து, 'என் நூலகம்' என்று எழுதி வித்யாவுக்கு அனுப்பினேன். அந்த அறையின் கதையையும், யார் எதற்காக அதை உருவாக்கினார் என்பதையும் சேர்த்தே எழுதினேன். தோழியிடம் எதை மறைப்பது?

அந்தப் பருவத்தில் நாங்கள் நால்வர் ஒரு குழுவாக, சில்லறை விற்பனைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வொன்றைச் செய்துகொண்டிருந்தோம். அடுத்த வாரம் வித்யா கேட்டாள், "அந்த ஃபோட்டோவ யூஸ் பண்ணலாமா? செம்ம பவர்ஃபுல்லா இருக்கு."

"வேணாம். கடைக்குத் தெரிஞ்சா அக்காவுக்கு உட்கார எடமே இருக்காது."

"ஓகே, ஓகே. ப்ராமிஸ்."

அந்த ஆய்வுக்கான சுவரொட்டியை மற்ற மூவரும் இறுதியாக்கிய வியாழக்கிழமை மாலை, நான் கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்கு நாற்பதாவது புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேலையும் படிப்புமாக இருப்பவர்களுக்கு இது புரியும்: எந்த இடத்தில் முடிவு எடுக்கப்படுகிறதோ, அந்த இடத்தில் நாம் இருப்பதில்லை. சுவரொட்டியின் நடுவில் அந்தப் படம் இருந்தது. அவர்கள் அதைச் சமூக ஊடகத்திலும் பகிர்ந்திருந்தார்கள். கடையின் பெயர் இல்லை. ஆனால் அறையின் மூலையில் அடுக்கியிருந்த எங்கள் கடையின் மஞ்சளும் ஊதாவுமான பைகளை லிட்டில் இந்தியாவில் அறியாதவர் யார்?

சனிக்கிழமை யாரோ ஒரு வாடிக்கையாளர் முதலாளியிடம் கைப்பேசியைக் காட்டியிருக்கிறார். முதலாளி கத்தவில்லை. மாடிக்கு வந்தார்; 'ரிப்பேர்' தாளைக் கிழிக்காமல், நிதானமாக உரித்தெடுத்தார். ஸ்டூலை வெளியே கொண்டுவந்து, தம் கைக்குட்டையால் துடைத்து, புடவைப் பகுதிக்கு முன்னால் வைத்தார்.

"நல்ல ஸ்டூல். கஸ்டமர் உட்காரட்டும்."

அன்று மாலை அக்கா என்னிடம் மூன்று கேள்விகள்தாம் கேட்டார்.

"ஃபோட்டோ நீ எடுத்ததா?"

"ஆமாக்கா."

"யாருக்கு அனுப்புன?"

"ஒரு ஃபிரெண்டுக்கு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு அந்த ஃபிரெண்டுக்குத் தோணலையா?"

நான் வேண்டாமென்று சொன்னதையும் அவள் வாக்குக் கொடுத்ததையும் அவசரமாக விளக்கினேன். அவர் வாடிக்கையாளர் கலைத்துப்போட்ட புடவையை மடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது ஃபிரெண்டு இல்ல லா, தங்கச்சி." அதன் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று அழைக்கவில்லை. மற்றவர்களைப் போலவே, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வித்யாவிடம் கேட்டபோது அவளுக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. "பேரு போடல, முகம் இல்ல. அவங்களுக்காகத்தானே செஞ்சோம்? உனக்கு ஏன் இவ்ளோ கோபம்?" எங்கள் ஆய்வுக்கு வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. படத்தின் நேர்மையை விரிவுரையாளர் தனியாகப் பாராட்டியிருந்தார். அவரிடம் போய் உண்மையைச் சொல்ல எண்ணினேன். சொன்னால் மதிப்பெண் ரத்தாகலாம், குழுவில் ஒருவனுக்கு அது உதவித்தொகைக்குத் தேவை, எனக்கும் தேவைதான். இப்படி ஒவ்வொரு விளைவாக நிறுத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தராசில் மைமூன் அக்காவின் கால்களை நான் ஏற்றவேயில்லை என்பது தீபாவளிக்குப் பிறகே புரிந்தது. தீபாவளி விற்பனை முடியும்வரை நின்றபடியே தாக்குப்பிடித்த அவர், அதற்கடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. அளவு நாடா ஆணியில் தொங்கியது. அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை.

கருத்தரங்கு முடிந்ததும் தேநீர் மேசையருகே வித்யாவே என்னைத் தேடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஏய்! பாத்தியா? உன் காலுதான்! எங்க பேசினாலும் அந்தப் படத்தைப் போட்டா ஹாலே சைலண்ட் ஆயிடும்."

"அந்த ஸ்டூல் அப்புறம் என்ன ஆச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் மனதாரவே யோசித்துப் பார்த்தாள். "எந்த ஸ்டூல்?"

திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி நடந்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். மாடியில் ஏதோ அலுவலகம். மஞ்சளும் ஊதாவுமான பையை ஒருவர் கையிலும் காணவில்லை. அக்கா இன்னும் ஈசூனில்தான் இருக்கிறாரா என்று சொல்லவும் ஆளில்லை. மிஞ்சியிருப்பது அந்தப் படம் ஒன்றுதான். அதில் உழைத்து ஓய்ந்த பெண் என்று ஊரார் பார்த்துக் கலங்கும் கால்களில் வீக்கம் இல்லை, ஒரு நீல நரம்புகூடப் புடைத்திருக்கவில்லை. அவை இருபது வயதுக்காரி ஒருத்தியின் கால்கள். அவள் உட்கார்ந்திருந்த பத்து நிமிடங்களோ, மைமூன் அக்காவுடையவை.