பூசைக்குத் துலக்கிய பற்றுச் செம்பு

1. உருண்டு ஓடிய ஈயம்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில், கப்பல் விளக்கு ஒன்றின் எண்ணெய்க் கிண்ணத்தில் நான் வைத்த ஈயம் ஒட்டவில்லை. உருகியது, ஆனால் பரவவில்லை. மணி மணியாகத் திரண்டு, தகரத்தின் மேல் உருண்டு ஓடித் தரையில் விழுந்தது.

இந்நாளில் பற்றுவைக்கும் இளைஞர்கள் மின்சாரத்தில் சூடேறும் கருவியையே அறிவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் பட்டறைகளில் நாங்கள் பயன்படுத்தியது பற்றுச் செம்பு. ஆப்புப் போல் நுனி கூர்த்த செம்புக் கட்டையை இரும்புக் கம்பியில் பொருத்தி, மறுமுனையில் மரப்பிடி போட்டிருக்கும். கரியடுப்பில் மூன்று நான்கு செம்புகளைச் செருகி வைத்து, ஒன்று ஆறினால் அடுத்ததை எடுப்போம். சூடான நுனியில் ஈயத்தை ஏற்றி, ரோசின் என்னும் பிசின் தூள் தூவிய மூட்டில் இழுத்துவிட்டால் பற்று விழும்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருந்த அந்தப் பட்டறை, நாகூர்க்காரரான காசிம் முதலாளியுடையது. பற்றுவைத்துக்கொண்டிருந்தவர் திடீரென ஈப்போவுக்குப் போய்விட்டதால் அவ்விடத்தில் என்னை வைத்தார்கள். அதற்கு முன் ஐந்தாண்டுகள் ஒரு பித்தளைப் பாத்திரக் கடையில் துலக்கும் வேலை பார்த்தவன் நான். “ஒரு மாசம் செய்யி, பாக்கலாம்” என்று மட்டுமே முதலாளி சொல்லியிருந்தார். அதில் மூன்று வாரம் கழிந்திருந்தது.

தகரம் வெட்டும் ராமையா மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா கொழுந்து, ஈயம் கோலி வெளையாடுதா?”

“சூடு பத்தலைன்னு நெனைக்கிறேன், அண்ணே.”

“காலையிலேருந்து ஒரு மூட்டை கரி தின்னிருக்கு அடுப்பு. சூடு பத்தலையாம்லா!”

வேறொரு செம்பை எடுத்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அழுத்தி அழுத்தி ஒரு கிண்ணத்தை ஒருவாறு மூட்டி மண்ணெண்ணெய் ஊற்றியதும் அது அடியில் சொட்டியது. மறுநாள் கப்பலேற வேண்டிய கிண்ணங்கள் பன்னிரண்டு.

பழைய ஈயக் கம்பிகள் பூசைக்கு முந்திய நாளோடு தீர்ந்திருந்தன. அன்று காலையில்தான் புதிய கம்பிக் கட்டைப் பிரித்திருந்தோம். ஆகவே மேஸ்திரியின் பார்வை நேரே அதன் மேல் விழுந்தது.

“இதுதான் சங்கதி. வெள்ளீயத்தைக் கொறைச்சுக் காரீயத்தை ஏத்திட்டான் ஆ ஹோக்” என்றார்.

2. கட்டை எடுக்க மறுத்தவர்

ஆ ஹோக் என்பவர் அடுத்த தெருவில் வெள்ளீயமும் காரீயமும் சேர்த்து உருக்கிக் கம்பியாக வார்த்து விற்கும் சீனர். அந்த வட்டாரத்து விளக்குப் பட்டறைகள் அனைத்திற்கும் அவருடைய ஈயந்தான். முதலாளி ஆளனுப்பினார். ஆ ஹோக் வருவதற்குள் கோபம் பொறுக்காமல் தாமே வெளியே போய், மூன்று பட்டறைகளில் “ஆ ஹோக் சரக்குல கலப்படம், பாத்து வாங்குங்க” என்று சொல்லிவிட்டும் வந்தார்.

ஆ ஹோக் வந்ததும் தரையில் கிடந்த ஈய மணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

“சாயா தீப்பு தாடா, தவுக்கே” என்றார். நான் ஏமாற்றவில்லை முதலாளி என்பது அதன் பொருள்.

“பின்னே ஏன் ஒட்டல? பதினோரு வருசமா ஒங்கிட்டதானே வாங்குறேன்! கட்டை எடுத்துக்கிட்டுப் போயிரு.”

அவர் கட்டைத் தொடவில்லை. தமக்குத் தெரிந்த சந்தை மலாயில் மெதுவாகச் சொன்னார்: இதைத் திரும்ப எடுத்துச் சென்றால் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், வருகிற வழியிலேயே ஒரு பட்டறைக்காரர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மற்றவர்களும் சொல்லிவிட்டால் என் உலையை அணைக்க வேண்டியதுதான். இவ்வளவும் சொல்லிவிட்டு, கட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்.

3. அழுக்கான நான்காவது

வேறிடத்தில் ஈயம் வாங்க முதலாளி புறப்பட்டுப் போனார். எனக்கோ மனம் அமையவில்லை. ஈயம் மூட்டில் ஒட்டாதது இருக்கட்டும். சூடான செம்பின் நுனியிலேயே அது ஏன் தங்க மறுக்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அடுப்புக்குக் கரி அள்ளும்போது, மூட்டைக்குப் பின்னால் சிறிய பற்றுச் செம்பு ஒன்று கிடைத்தது. உடம்பெல்லாம் கருத்து, நுனி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அதைச் சூடேற்றி, கலப்படம் என்று ஒதுக்கிய அதே ஈயக் கம்பியைத் தொட்டேன். எண்ணெய் பரவுவதுபோல் ஈயம் நுனி முழுதும் பரவிப் பளிச்சிட்டது! மூட்டில் இழுத்தேன், கோடு போட்டாற்போல் ஓடிப் பிடித்தது. உடனே பெரிய செம்பை எடுத்து அதே கம்பியைத் தொட்டேன், உருண்டு விழுந்தது. மறுபடி சிறியது, பிடித்தது. மறுபடி பெரியது, உருண்டது. ஈயம் ஒன்று, ரோசின் ஒன்று, அடுப்பும் ஒன்று. வேறுபட்டது செம்பு மட்டுமே.

அப்போதுதான் பூசை நாளில் நான் செய்தது நினைவுக்கு வந்தது. கருவிகளைத் துலக்கிப் பொட்டிட்டு வைக்க முதலாளி எங்களுக்கு அரைநாள் விடுவது வழக்கம். பாத்திரக் கடைப் பழக்கத்தில், பெரிய செம்புகள் மூன்றின் நுனியிலும் படிந்திருந்த சாம்பல் நிறத்தை அழுக்கு என்று எண்ணி அரத்தால் அராவி எடுத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டேன். “அம்மன் மூக்குத்தி தோத்துச்சுடா” என்று மேஸ்திரி மெச்சினார். சிறியது என் கண்ணில் படாமல் தப்பியிருந்தது.

நான் அராவி எடுத்தது அழுக்கன்று, ஈயத்தோல். முன்பிருந்தவர் நுனிக்கு ஏற்றி வைத்திருந்த பூச்சு. அது போனபின் வெறுஞ்செம்பு நெருப்பில் கருகிப் பொருக்குக் கட்டிக்கொண்டது. பொருக்கின் மேல் ஈயம் எவ்வாறு நிற்கும்?

பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரக் கல் ஒன்று, அவர் விட்டுச் சென்றது, மூலையில் இருந்தது. புகை நெஞ்சைக் கமறுகிறது என்று நான் அதைத் தொடுவதே இல்லை. பெரிய செம்பின் பொருக்கை அராவி, சூடேற்றி, அந்தக் கல்லில் ஈயத்தோடு சேர்த்துத் தேய்த்தேன். வெண்புகை எழுந்தது. துணியால் துடைத்தபோது நுனி வெள்ளியாக இருந்தது.

“அட, ஒட்டுதே!” என்றார் மேஸ்திரி. நடந்ததைச் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “வாயைத் தொறக்காத. இன்னும் ஒரு வாரம்தானே இருக்கு? வேற கடை ஈயம் வரட்டும், அதுல ஒட்டுச்சுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். என் வேலையும் நிலைத்துவிடும். ஆனால் ஆ ஹோக் தொடாமல் விட்டுப்போன கட்டு என் காலடியிலேயே கிடந்தது.

4. மூன்று பட்டறைகள்

முதலாளி திரும்பியதும், ஈயத்தோல் உள்ள செம்பு, இல்லாத செம்பு இரண்டையும் அவர் முன் சூடேற்றிக் காட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன்.

“புளி போட்டா தேய்ச்சே?”

“ஆமாங்க முதலாளி.”

“அந்த மனுசனுக்கு இனி எப்படி மொகத்தைக் காட்டுறது?” என்று தலையைத் தடவிக்கொண்டார். “சரி, தேய்ச்சது நீ. கலப்படம்னு ஊரெல்லாம் சொன்னது நான். கிண்ணத்தை முடி. ரெண்டு பேரும் போவோம்.”

அந்தப் பன்னிரண்டு கிண்ணங்களையும் ஆ ஹோக்கின் ஈயத்திலேயே மாலைக்குள் முடித்தேன். ஒன்றும் சொட்டவில்லை. பின்பு மூன்று பட்டறைகளுக்கும் போனோம். ஒவ்வொன்றிலும் முதலாளி, “நான் சொன்னது தப்பு” என்று தொடங்கி, மிச்சத்தை என்னைச் சொல்ல வைத்தார். முதல் இரண்டிலும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். “அடுத்து செம்புக்கு ரசம் வைப்பியா தம்பி?” என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. தம்முடைய செம்பைக் கொண்டுவந்து, அதன் நுனி சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்.

கடைசியாக ஆ ஹோக்கின் கடை. உலை எரிந்துகொண்டிருந்தது. முதலாளி சொல்லி முடித்ததும் ஆ ஹோக் என் கையிலிருந்த செம்பை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நுனியைப் பார்த்தார்.

“சூடா பாய்க்” என்றார். இப்போது சரியாகிவிட்டது என்று பொருள். செம்பைப் பற்றியா, மற்றதைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை. அவர் முதலாளிக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. நுனியைத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். வேலை முடிந்தால் ஈயம் பூசிய நுனியோடே ஆற விடுங்கள். பற்று ஒட்டாவிட்டால், ஈயம் விற்றவனைக் கூப்பிடும் முன் உங்கள் கையிலிருக்கும் கருவியைப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். அன்று நாங்கள் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால், ஒரு மனிதர் பாதி நாள் திருடராக இருந்தார்.