அண்ணனுக்கு வராத வேலைக் கடிதம்

எங்கள் அண்ணன் அவர்கள் ஆண்டவரிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு. பூசைக்கு வந்திருக்கும் உங்களிடம் அவர்கள் பெருமையைச் சொல்லத்தான் இந்த மலர். ஆனால் பேனாவை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் பிறந்தது கீழவைப்பாரில். அப்பா போனபின் என்னைப் பள்ளியிறுதிவரை படிக்கவைத்தது அவர்கள்தான். மூச்சடக்கிக் கடலுக்கடியில் சங்கெடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. சங்குகுளிப்பு சில மாதங்களே. மற்ற நாளெல்லாம் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு வேலை, அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

உலகச் சண்டை முடிந்து, ஊர் திரும்பிய பட்டாளத்தாருக்கென்று திறந்த எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் எல்லாருக்கும் பொதுவானதும் இருவரும் போனோம். ஆங்கிலப் படிவம், நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில், கடலில் முங்கும் குளியாள் என்று எழுதப் போனேன்.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். “குளியாளா? லிஸ்டுல அப்படி ஒரு தொழிலே இல்ல, வே. கூலின்னு போடும்.”

கடற்கரை ஜில்லாவுக்கு ஆபீஸ் வைத்தவர்களுக்குக் கடல் தொழில் தெரியவில்லை பாருங்கள்! வாதாட எனக்குக் கூச்சம். கூலி என்றே எழுதினேன். வெளியே காத்திருந்த அண்ணன் கேட்டார்கள்:

“ஏலே, நான் கடல்ல முங்குறத எழுதிட்டியா?”

“எழுதிட்டேண்ணே.”

அண்ணன் மாதாமாதம் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப்போய் பதிவு அட்டையைப் புதுப்பித்து வந்தார்கள். பிறகு துறைமுகத்தில் சரக்கேற்றும் பார்ஜ் படகு ஒன்று மூழ்கியது. நிரந்தரமாக ஒரு குளியாள் வேண்டுமென்று துறைமுகத்தார் ஆபீசுக்கு எழுதிக் கேட்டார்கள். அப்படி யாரும் பதிவில் இல்லை என்று பதில் போயிற்று. வெளியூர் ஆள் வந்து சேர்ந்தார். அவர் கடலில் இறங்கியதை அண்ணன் முதுகில் மூட்டையோடு நின்று பார்த்தார்களாம்.

“கார்டுல எழுதியிருக்கே, பொறவு ஏம்லே கூப்பிடல?” என்று அண்ணன் கேட்டார்கள். நான் ஆபீசைத் திட்டினேன். வீடே திட்டியது.

நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே நினைப்பு. “கார்டப் புதுப்பிச்சிரு தம்பி. விட்டா பேர அடிச்சிருவாவ. நீ எழுதினது, என்னைக்காவது கடுதாசி வரும்.”

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பெட்டி சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று அந்தக் குமாஸ்தாவை வாய்க்கு வந்தபடி ஏசிய உறவினர்களே, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மதினியும் இதை அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.