மூன்று பேர் நடத்திய நாடகக் குழு

திருவண்ணாமலை தனி மாவட்டமான சில வருடங்களில் வேங்கிக்கால் அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். ஊரில் யாரையும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் மூடிய வாயைத் திங்கட்கிழமைதான் திறப்பேன்.

சட்டை தைக்கக் கொடுத்த கடையில்தான் பேச்சுத் துணை கிடைத்தது. தையல்கார பாய்க்கு நாடகம் என்றால் உயிர். நான் ஒன்று எழுதி வைத்திருப்பதைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டார்.

"போட்ருவோம் சார். குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாப் போச்சு."

ரவிக்கை வாங்க வந்த தொலைபேசி நிலையப் பெண் ஒருத்தி, "மக வேஷம் இருந்தா நான் பண்றேங்க" என்றாள். அப்படித்தான் மூன்று பேரானோம். கடை மாடியில் ஞாயிறுதோறும் ஒத்திகை. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். அப்பா பேச மறுக்கிறார். அதுதான் கதை. நான் அப்பா. பாய் பக்கத்து வீட்டுக்காரர்.

பள்ளிக்கூட மண்டபத்தில் முதல் முறை போட்டோம். கைதட்டினார்கள். அடுத்து, பௌர்ணமிக்குக் கூட்டம் வருமே என்று அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மேடை கட்டினோம். கூட்டம் வந்தது. உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டு, வலி குறைந்ததும் எழுந்து போனது. கடைசிக் காட்சியில் நான் மௌனமாக நின்றபோது முன்வரிசையில் ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்:

"உள்ள கூப்புடுய்யா. எவ்ளோ நேரம் நிக்கும் அந்தப் பொண்ணு?"

"உள்ள வாம்மா" என்று நான் சொல்லும்போது அந்த முன்வரிசைப் பெண் தன் ஆட்களோடு நடந்து போய்விட்டிருந்தாள்.

அந்த வருடமே தொலைபேசி நிலையப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். பாயை அவர் தம்பி வெளிநாட்டுக்கு அழைத்துக்கொண்டார். கிளம்புமுன் பாய் என் அறைக்கு வந்தார்.

"வேற ஆளுங்க கிடைப்பாங்க சார். விட்ராதீங்க."

தேடினேன். அலுவலகத்திலிருந்து ஒருவர் மட்டும் வந்தார். இது டிவியில் வருமா என்று கேட்டார். அடுத்த வாரம் வரவில்லை.

ஒரு ஞாயிறு, அறையில் தனியாக அப்பாவின் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். மகள் பேசவேண்டிய இடங்களில் நிறுத்தி, அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை விட்டு, மேலே சொன்னேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார்.

"யார்னா வந்திருக்காங்களா சார்? டீ போடட்டா?"

"யாருமில்லம்மா. நான்தான்."

அவர் அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு, மீதியை மனசுக்குள்ளேயே சொல்லி முடித்தேன்.