கம்பவுண்டர் அண்ணன் தண்ணீருக்குள் வைத்த டியூப்

இதை எழுத உட்கார்ந்து எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். ஆனால் அது சின்னக் காரணம். என் தப்பை மட்டும் சொல்லி இதை முடிக்க முடியாது, இன்னொருவருடைய பழைய புண்ணின் கட்டையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். அதுதான் இத்தனை வருஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் அவரே போனில், "எழுது தங்கச்சி. என்னையப் பெரிய ஆளா ஆக்கிராத, அம்புட்டுதான்" என்று சொன்ன பிறகுதான் இந்த நோட்டைத் திறந்தேன்.

திறந்ததும் கண் முன்னால் வந்தது ஒரு டியூப். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற அதே மெல்லிய டியூப். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு உள்ளறை மூலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருக்கும். அதற்குள் பிழிந்த பன்னீர் திராட்சையும் சீனியும் பேக்கரியில் வாங்கிய கொஞ்சம் ஈஸ்டும் புளித்துக்கொண்டிருக்கும். மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் சொருகி, சுற்றிலும் மெழுகுவர்த்தி உருக்கி அடைத்திருக்கும். டியூபின் மறுமுனை கீழே, கொதித்து ஆறிய தண்ணீர் நிரம்பிய ஒரு பாட்டிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். அந்த முனையிலிருந்து குமிழி வரும். ப்ளக் என்று ஒன்று. செத்த நேரம் கழித்து இன்னொன்று. எங்கள் சபையின் ஈஸ்டர் ஆராதனையில் அப்பத்தோடு கொடுக்கிற நற்கருணை ரசம் இப்படித்தான் அதற்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் முழுவதும் எங்கள் வீட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அதைச் செய்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் கம்பவுண்டர். எனக்கு அண்ணன் முறை. என் வீட்டுக்காரருக்கு மச்சான். சாயங்காலம் வேலை முடிந்ததும் டவுன் பஸ் ஏறி வந்துவிடுவார். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கேனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குமிழியை எண்ணுவார். நோயாளிக்கு ட்ரிப்ஸ் சொட்டு எண்ணுகிற அதே முகம்.

"மச்சான், அங்க பேஷண்டெல்லாம் படுத்துக் கெடக்க, நீங்க இங்க வந்து தண்ணி கேனுக்கு நாடி பாக்கீக" என்பார் என் வீட்டுக்காரர்.

"இந்தப் பேஷண்டு பேசாம கெடக்குதுல்ல மாப்ள. உம்மளை மாதிரியா?" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

ஒருநாள் எனக்கு விளக்கினார். உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று பெருகும். வெளியே போக வழி இல்லையென்றால் கேன் வெடித்துவிடும். ஆனால் வழி விட்டால் அதே வழியாக வெளிக்காற்று உள்ளே போய் ரசத்தை வினிகர் மாதிரிக் காடியாக்கிவிடும். டியூபின் முனை தண்ணீருக்குள் இருந்தால், உள்காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், வெளிக்காற்றுக்கு உள்ளே போக முடியாது. "போறவன் போகலாம், வாரவன் வர முடியாது. கதவும் அதான், காவலும் அதான்" என்றார். ஒரு பாட்டில் தண்ணீரில் கர்த்தர் இத்தனை ஞானத்தை வைத்திருக்கிறாரே என்று நான் மலைத்துப்போய் நின்றேன்.

அவர் ஏன் இதைத் தன் வீட்டில் வைக்கவில்லை என்பது சபைக்கே தெரியும். ஒரு காலத்தில் அவர் மோசமாகக் குடித்தவர். மகள் படித்த பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்தில் விழுந்து கிடந்தவர். பிறகு ஒருநாள் விட்டார். விட்ட மனிதரிடம் போய்ப் போதகர் ஐயா ரசம் செய்யச் சொன்னபோது சபைக்குழுவில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அதற்கு முன்பு செய்தவர்கள் தினமும் பானையைத் திறந்து திறந்து பார்த்தே கெடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுத்தம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். ஒரு வாரம் மறுத்துவிட்டு, இரண்டு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அது இருக்கிற வீட்டில் அவர் படுக்கமாட்டார். மூடினால் முடிகிற நாள்வரை யாரும் திறக்கக்கூடாது, அவர் உட்பட. முடிந்ததும் வடித்து பாட்டிலில் அடைப்பது என் வேலை. அன்றைக்கு அவர் வரமாட்டார். நற்கருணையில் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ரசக் கிண்ணம் வருமுன் எழுந்து போய்விடுவார். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

பதிமூன்றாம் வருஷம்தான் என் கை நீண்டது. அவர் மகளுக்குப் பிரசவம் என்று நாகர்கோவிலுக்குக் கிளம்பினார். "குமிழி கொறைஞ்சுக்கிட்டே போகும், பயப்படாத. என்ன ஆனாலும் மூடியத் தொடாத. ஏதாச்சும்னா போன் போடு" என்று மூன்று தடவை சொன்னார். அவர் போன மறுநாள் மதியம் வரைக்கும் தார் உருகுகிற வெயில். திடீரென்று மலைப்பக்கம் இருட்டி மழை கொட்டி, வீடே சில்லிட்டுப்போனது. உள்ளே போய்ப் பார்த்தால் குமிழி இல்லை. அதுமட்டுமா, பாட்டில் தண்ணீர் டியூபுக்குள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சாண் ஏறிவிட்டது. பீடத்துக்குப் போகிற ரசத்தில் வெளித்தண்ணீர் கலக்கப்போகிறது என்று எனக்குப் பதறியது. போன் போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு.

நான் வேலை பார்த்தது பேண்டேஜ் கம்பெனியில், மடிப்புப் பிரிவில். எங்கள் ஊரில் எதற்கும் ஒரு கட்டுத்துணிதான். ஊறுகாய் ஜாடிக்கு, பால் வடிக்க, சிராய்த்த முழங்காலுக்கு, எல்லாவற்றுக்கும். மனுஷனின் திறந்த புண்ணையே காக்கிற துணி இந்த ரசத்தைக் காக்காதா? டியூபோடு மூடியைக் கழற்றி வைத்தேன். எட்டு மடிப்பாகத் துணியை வாயில் போட்டு நூலால் இறுக்கிக் கட்டினேன். அழகாக இருந்தது. அதற்கு முன்னால் முழங்கால் போட்டு ஜெபமும் செய்தேன்.

ஈ போகவில்லை, உண்மைதான். காற்றுக்கு அந்தத் துணி ஒரு தடையா? மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஏட்டி, வீட்டுக்குள்ள கடை தொறந்துட்டீகளா? தெருவே தள்ளாடுதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வாடை பழகிவிட்டது.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார், பேரன் பிறந்த மிட்டாயோடு. வாசல் நிலையில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குடியை விட்ட நாளிலிருந்து அவர் மூக்கில் ஏறாத வாடை. கை நிலையைப் பற்றிக்கொண்டது. நெற்றி வேர்த்தது. தொண்டை எச்சில் விழுங்குவதை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "தங்கச்சி... டியூப் எங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காவல் ரசத்துக்கு மட்டும் இல்லை.

ஷிப்ட் முடிந்து பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர், "என்ன மச்சான், மாப்பிள்ளை அழைப்புக்கு நிக்கிற மாதிரி நிக்கீக?" என்று ஆரம்பித்தவர் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"மாப்ள, என் கையப் புடிச்சுக்கிடும். விட்டுராதீரும்."

தெரு பார்க்க, ஐம்பது வயது மனிதர் அப்படிக் கேட்டார். என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். இருவரும் எதிர்வீட்டு வாசலுக்குப் போனார்கள். கேலி செய்த அக்கா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் ஓடிப்போயிருக்கலாம். பஸ் ஸ்டாப் பக்கம்தான். அங்கேயே உட்கார்ந்து, பிடித்த கையை விடாமல் நடந்ததைக் கேட்டார்.

"மழைக்குக் கேன் குளுந்து இழுத்திருக்கு, அம்புட்டுதான். கொதிச்ச தண்ணி ரெண்டு சொட்டு உள்ள போனா குடியா முழுகிரும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. பிறகு, "நீதான் ருசி பாக்கணும். என் நாக்கு இதுக்குச் சாட்சி சொல்லக் கூடாது" என்றார்.

ஒரு கரண்டி எடுத்துவந்து, வாசலில் நின்று வாயில் வைத்தேன். ஈஸ்டருக்குப் பத்து நாள். நல்லாத்தான் இருக்கு என்று ஒரு பொய் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. தெருவைத் தாண்டி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் கையை அழுத்தியபடி. உண்மைக்காக அத்தனை பாடுபடுகிற ஒருவர் முகத்துக்கு நேராகப் பொய் வரவில்லை.

"காடி அண்ணே. தொண்டையப் பிடிக்குது."

அவர் தலையாட்டினார். "சிலுவையில ஆண்டவருக்கு ஒருதடவை காடிய குடுத்தது போதும். கொட்டிரு."

கொட்டினேன். அன்றே போதகர் ஐயாவிடம் போய் அழுதேன்.  இந்த ஈஸ்டருக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வடித்த ரசம் போதும், புளித்தது வேண்டாம் என்றார். அதைக் காய்ச்சியது ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில், கம்பவுண்டர் அண்ணன் வீட்டு அடுப்பில். அதுவரை ஒரு சொட்டு ரசம் நுழையாத வீடு. அவரே கிண்டினார். வடிக்கிற நேரத்தில் என்னைப் பார்த்து, "இப்பக் கட்டு தங்கச்சி ஒன் துணிய" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

மறுநாள் ஆராதனையில் நான் அவருக்கு அடுத்து முழங்காலில் இருந்தேன். அப்பம் வந்தது. வாங்கினார். கிண்ணம் வருமுன் எழுந்துவிடுவார் என்று நான் சற்று விலகி வழிவிட்டேன். அவர் எழவில்லை. போதகர் ஐயா ஒரு கணம் தயங்கி, பிறகு கிண்ணத்தை நீட்டினார். அண்ணன் இரண்டு கையாலும் பிடித்தார். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி. குடித்தார். என் வாழ்நாளில் எத்தனையோ அற்புத சாட்சி கேட்டிருக்கிறேன். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் விழுங்குகிற சத்தம் கேட்டு என் உடம்பு நடுங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

இப்போது எங்கள் சபையில் எல்லா நற்கருணைக்கும் காய்ச்சின ரசம்தான். அண்ணன் மகளோடு நாகர்கோவிலில் இருக்கிறார். ஆனால் கதை ஊரில் வேறு மாதிரி சுற்றுகிறது. ஆண்டவர் என் கனவில் வந்து துணி கட்டச் சொன்னாராம். அண்ணன் ஜெபித்ததும் காடி தித்தித்ததாம். போன வாரம் தளவாய்புரத்துக்காரர் ஒருவர் என்னிடமே அப்படிச் சொன்னார், நான் யாரென்று தெரியாமல்.

ஆகையால் வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். குடியை விட்டுவிட்டுத் தவிக்கிற யாரிடமாவது கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். கனவு எதுவும் வரவில்லை. துணி கட்டியது என் அகந்தை. காடி காடியாகவே சாக்கடைக்குப் போனது. கம்பவுண்டர் அண்ணன் என் வாசலில் தைரியமாக நிற்கவில்லை. பயந்துபோய், இன்னொருவர் கையைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.